கைகூப்பி நிற்கும் ராஜா

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபம் திருமலை நாயக்கர் காலத்தில், அதாவது பதினேழாம் நூற்றாண்டில், கட்டப்பட்டது. பெயரில் மட்டும் இன்னும் புதிதாகவே இருக்கிறது. அதன் தூண்களுக்கு நடுவே பல ஆண்டுகளாகத் தையற்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 2018 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணன் மகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுப்பதற்காக அங்கே போயிருந்தேன்; தோளில் கேமராவும் இருந்தது. அன்று எடுத்த ஒரு படத்தைப் பற்றியும், அது வாங்கிக் கட்டிக்கொண்ட விமர்சனத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்திருந்தேன்.

படம் இதுதான். ஒரு தையற்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, எதிரே நிற்கும் ஆளின் மார்பைச் சுற்றி அளவு பார்க்கிறார். அந்த ஆள் இரண்டு கைகளையும் விலாவிலிருந்து சற்றே தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். தையற்காரரின் முதுகுக்குப் பின்னால், தூணோடு தூணாக, ஆளுயரத்தில் ஒரு நாயக்க மன்னர் கைகூப்பி நிற்கிறார். இடுப்புக்கு மேல் துணி கிடையாது, ஆபரணங்கள் மட்டும்தான். சிற்பி வடித்தபோது அவர் கும்பிட்டது தெய்வத்தை; நான் நின்ற இடத்திலிருந்து பார்க்கும்போது அவர் கும்பிட்டது தையற்காரரை. தைக்கக் கொடுத்த சட்டைக்காக ஐப்பசி மாதத்தில் நான்கு முறை நடந்து, நான்கு முறையும் "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பிய எவருக்கும் அந்தக் கும்பிடு எதற்கென்று உடனே விளங்கிவிடும்.

எங்கள் பகுதியில் ஒளிப்படத்தில் ஆர்வமுள்ள பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டுட்டோரியலின் மாடியில் கூடுவோம். ஆளுக்கு ஒரு படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பேசி முடிக்கும் வரை படத்தை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஒரே விதி. என் படம் பலகையில் ஏறியபோது நான் ஏன் சற்று நடுங்கினேன் என்பது புரிய வேண்டுமானால், அதற்கு மூன்று மாதம் முன்பு அதே மாடியில் நான் செய்த காரியத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவி ஒரு படம் கொண்டுவந்திருந்தார். ரயில் நிலைய நடைமேடையில், காசு போட்டால் விளக்கெல்லாம் சுழன்று அட்டை தரும் பழைய எடை இயந்திரம். அதன் மேடையில் ஒரு நாய் சுருண்டு உறங்குகிறது. பக்கத்தில் ஒரு பெரியவர் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் போனவர் இறங்கட்டும் என்ற பொறுமையோடு காத்து நிற்கிறார். படத்தைப் பார்த்ததும் மாடியே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் என் முறை வந்ததும், சிரித்ததை மறந்துவிட்டு, நடைமேடையின் கோடு சாய்ந்திருக்கிறது, மேல் மூலையில் ட்யூப் லைட் வெளுத்துப்போயிருக்கிறது, நாய் ஃபிரேமின் நட்டநடுவில் கிடக்கிறது என்று பத்து நிமிடம் அடுக்கினேன். சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்தப் பெண் "சரிங்கண்ணா" என்று சொல்லிப் படத்தைச் சுருட்டிக்கொண்டார். அடுத்த மாதம் வெறுங்கையோடு வந்தார்.

நான் சொன்ன குறைகள் எதற்கும் அந்தச் சிரிப்போடு சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நடைமேடை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் அந்தப் படம் சிரிக்க வைத்திருக்கும். சம்பந்தமுள்ள குறை ஒன்று இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. பெரியவரின் கையும் அதிலிருந்த நாணயமும் அவருடைய கறுப்புப் பேன்ட்டின் மேல் விழுந்து, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும்படி மங்கிக் கிடந்தன. நாணயம் தெரியாவிட்டால் அவர் வெறுமனே ரயிலுக்கு நிற்கும் ஒருவர்; நாணயம் தெரிந்தால்தான் நாய்க்கு அடுத்து வரிசையில் நிற்பவர். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சப்படுத்தும்படி சொல்லியிருந்தால் அவருக்கு ஏதாவது பயன்பட்டிருக்கும். வேடிக்கைப் படத்தைப் பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது தன் சிரிப்பைத்தான்: எப்போது வந்தது, எதைப் பார்த்த பிறகு வந்தது, வருவதற்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது. குறை சொல்வதை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டுதான் என் படத்தை மாட்டினேன். கீழே "தீபாவளிக்குள் கிடைக்குமா?" என்று தலைப்பும் எழுதியிருந்தேன். முதலில் அடி விழுந்தது அதற்குத்தான். "தலைப்பைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், அப்புறம் படத்துல பார்க்க ஒண்ணும் மிச்சம் இல்லை" என்றார் ஒருவர். வீட்டில் ஒரு மணி நேரம் யோசித்து வைத்த தலைப்பு அது. வலித்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நான் முன்கூட்டியே காதில் ஓதிவிட்டேன்.

அடுத்தவர், கயிற்றில் தொங்கும் ஒரு ஜாக்கெட் துணி மன்னரின் ஒரு முழங்கையை மறைப்பதைக் காட்டினார். ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் போதும் என்றார். படத்தின் இடப்புற மூன்றில் ஒரு பங்கைக் கிராப் செய்துவிடலாம், அங்கே காலண்டரும் பிளாஸ்டிக் வாளியும் துணி மூட்டைகளும்தான் கிடக்கின்றன என்று இன்னொருவர் சொன்னதும், அந்த மாணவி முதல் முறையாக வாய் திறந்தார்: "மூட்டையை வெட்டிட்டா ராஜா எதுக்குக் கெஞ்சுறாருன்னே தெரியாதுங்கண்ணா." தைக்காமல் குவிந்து கிடக்கும் அந்த மூட்டைகள்தான் தையற்காரரின் தாமதத்துக்குச் சாட்சி. எடுத்தவனுக்கே தெரியாமல் படத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்த அந்தச் சாட்சியை அவர் கண்டுபிடித்தார். நான் அவருக்குச் செய்ததையும் அவர் எனக்குச் செய்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

ஃபோகஸ் பற்றிய பேச்சுதான் அன்று நெடுநேரம் ஓடியது. நாற்பது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்து ஓய்ந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் எங்களோடு உண்டு. கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸை 35 மில்லிமீட்டரில் வைத்து, அதன் துவாரத்தை முடிந்த அளவு திறந்து எஃப் 4.5, ஷட்டர் முப்பதில் ஒரு நொடி, ஐ.எஸ்.ஓ. 3200 என்ற கணக்கில் நான் எடுத்திருந்தேன். மண்டபத்துக்குள் இருந்த மங்கல் வெளிச்சத்துக்கு வேறு வழி தெரியவில்லை. துவாரம் அப்படித் திறந்திருந்தால் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம்தான் தெளிவாக விழும். ஆறடி தூரத்தில் இருந்த தையற்காரர் மேல் ஃபோகஸ் விழுந்ததால், அவருக்கு நாலடி பின்னால் நின்ற மன்னர் மெழுகுபோல் குழைந்துவிட்டார். "தையக்காரரை மங்கலாப் பார்த்தாலும் தையக்காரர்னு தெரிஞ்சுடும். கையில டேப்பு இருக்கு, முன்னால மிஷின் இருக்கு. ராஜாவோட கை மங்கினா அது வெறும் கல்லு. உன் ஃபோகஸ் அந்தக் கையில இருந்திருக்கணும்" என்றார் அவர்.

இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கூர்மையாக இருக்கும் இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். மன்னர் கூர்மையானால் கண் நேரே அவரிடம் போய், வேடிக்கை முதல் நொடியிலேயே அவிழ்ந்துவிடும். தையற்காரர், அளவு கொடுப்பவர், பிறகு மன்னர் என்ற வரிசையில் கண் நகர்ந்தால்தான் சிரிப்பு வரும் என்று சிலர் வாதிட்டார்கள். லென்ஸை 18-க்குக் கொண்டுவந்து காட்சியை அகலமாக்கி, இருவருக்கும் இடையில் ஏழெட்டு அடியில் ஃபோகஸ் வைத்திருந்தால் இரண்டு பேருமே தெளிவாக விழுந்திருப்பார்கள் என்று ஸ்டுடியோக்காரரே பிறகு ஒரு சமரசம் சொன்னார். மன்னர் உருவத்தில் சிறுத்துவிடுவாரே என்று கேட்டதற்கு, "கெஞ்சுறவன் சின்னதாத்தானே இருப்பான்" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த ஒரு புகழ்பெற்ற படத்தை மறுபடியும் பார்த்தேன். தரையோடு ஒட்டி எடுத்த படம். பின்னல் தொப்பி போட்ட ஒரு குட்டி நாயிடம் கண் முதலில் போகிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள். அடுத்து இன்னொரு ஜோடிக் கால்கள். அவற்றை முதலில் மனிதக் கால்கள் என்றே எண்ணுகிறோம். அவை ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள் என்று தெரிய ஒரு நொடி ஆகிறது, அந்த நொடியில்தான் சிரிப்பு பிறக்கிறது. மூன்று ஜோடிக் கால்களுமே தெளிவாக இருக்கின்றன. தொப்பிக்கார நாயின் முகம் நம்மைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வதால் பெரிய நாய் தப்பித்துக்கொள்கிறது. ஆகவே எங்கள் மாடியில் மோதிய இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி என்று எனக்குத் தோன்றியது.

பேச எனக்கு அனுமதி கிடைத்தபோது, அங்கே நிற்க இடமில்லை, கூட்டம் முட்டித் தள்ளியது, வெளிச்சம் போதவில்லை என்று மூன்று நிமிடம் புலம்பினேன். அது முழுக்க அந்த நாளின் கதை. பலகையில் மாட்டிய படத்தில் அந்தக் கதை எங்கும் இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தையக்காரரைப் பார்த்துத்தானே நாம எல்லாரும் சிரிக்கிறோம், அவருக்குத் தெரியுமா?" தெரியாது. நான் அவரிடம் கேட்கவில்லை.

மார்கழி பிறக்கும் முன் ஒரு மாலையில் பிரிண்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். இன்று அங்கே கடைகள் இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆகையால் ஓரடி இடப்பக்கம் நகர்ந்து மறுபடியும் எடுக்கலாம் என்ற யோசனைக்கு இனி இடமில்லை. அன்று தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மன்னரிடம் அவர் பார்வை போகவே இல்லை. விரலை அளவு கொடுப்பவரின் முதுகுப் பக்கம் வைத்தார்.

"டேப்பு பின்னாடி கீழ இறங்கிக் கிடக்கு பாருங்க சார். இப்படி அளவெடுத்தா சட்டை தொளதொளன்னு வந்துரும். இந்த நேரத்துலயா எடுப்பீங்க?"

பத்துப் பேர் இரண்டு மணி நேரம் பார்த்தும் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் தயங்கித் தயங்கி, பின்னால் நிற்கும் மன்னரைக் காட்டி, அவர் யாரைக் கும்பிடுகிறார் என்று கேட்டேன். அவர் பார்த்தார், புன்னகைகூட இல்லாமல், "அவரு எப்பவும் அப்படித்தான் நிப்பாரு" என்றார். பிறகு படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினில் காலை வைத்தபடி சொன்னார்:

"எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுங்க சார். வீட்ல மாட்டணும். அந்தச் சிலைய மட்டும் வெட்டிருங்க."