‘நாளை’ என்று எழுதாதீர்கள்: தோட்டப் பட்டணத்துக் கவுன்சிலர்களுக்கு

“நாளை காலை தண்ணீர் வராது. பிடித்து வைத்துக்கொள்ளவும்.”

செவ்வாய்க்கிழமை புறப்படும் இந்தப் புலன (வாட்ஸ்அப்) செய்தி கை மாறிக் கை மாறி வெள்ளிக்கிழமை வேறொரு தாமானுக்கு, அதாவது வேறொரு குடியிருப்புக்குப் போய்ச் சேரும். அங்கே ஓர் அம்மா வாளி, அண்டா, குளியல் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக் காத்திருப்பார். தண்ணீர் நிற்காது. அடுத்த முறை உண்மையாகவே நிற்கும்போது அவர் ஒரு குடம்கூடப் பிடித்து வைக்க மாட்டார். தேதி போடாத ஒரு வரியால் வரும் வினை இது.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட், பாடாங் செராய் போல, ஒரு காலத்தில் பால்மரமும் இன்று செம்பனையும் சூழ்ந்திருக்கும் பட்டணங்களில் நகராண்மைக் கழக உறுப்பினராக இருப்பவருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அறிவிப்புகளைத் தட்டுபவருக்கும் இந்தப் பதிவு. உதாரணங்களைப் பெரும்பாலும் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா பக்கமே வைத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

நம் நாட்டில் கவுன்சிலருக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968-இல் முடித்த அறிக்கையில் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமனத்தையே நிரந்தரமாக்கிவிட்டது. 8 முதல் 24 உறுப்பினர்கள், மாநில அரசு நியமிக்கும், ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகாது. ஆகவே தாமானில் இருப்பவருக்கு உங்கள்மேல் இருக்கும் ஒரே பிடி, நீங்கள் சொல்லும் தகவல்தான். மாலை போட்ட படங்களைத் தகவல் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் எது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். புகார்களில் நிறைய தப்பான கதவைத் தட்டியே வீணாகின்றன. ரோட்டோரப் பலகையில் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசு ரோடு. எண்ணுக்கு முன்னால் ‘பி’ இருந்தால் சிலாங்கூர் மாநில ரோடு. பேராவுக்கு ‘ஏ’, கெடாவுக்கு ‘கே’, நெகிரி செம்பிலானுக்கு ‘என்’. இந்த இரண்டு வகையும் பொதுப்பணித் துறை, நம் ஆட்கள் சொல்லும் ஜே.கே.ஆர். தாமானுக்குள் ஓடும் ரோடுதான் நகராண்மைக் கழகத்துடையது. அதுவும் வீடு கட்டிய மேம்பாட்டாளர் கழகத்திடம் ஒப்படைத்திருந்தால் மட்டும். ஒப்படைக்காத ரோட்டில் கழகம் தார் ஊற்றாது. ஒப்படைத்தும் மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் ஏறாத ரோட்டுக்குப் பராமரிப்பு மானியம் வராது. “ஏன் எங்கள் ரோடு மட்டும் இப்படி?” என்று கேட்டால், அந்த ரோடு மாரிஸில் இருக்கிறதா என்று பொறியியல் பிரிவில் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே தாமான் மக்களிடம் சொல்லுங்கள். “பார்க்கிறோம்” என்பதைவிட “இன்னும் பதிவாகவில்லை, பதிவுக்கு இந்தத் தேதியில் எழுதியிருக்கிறோம்” என்பது நூறு மடங்கு மேல்.

தோட்டத்துக்குள் கணக்கே வேறு. லயத்து வீடும் அதற்குப் போகும் செம்மண் ரோடும் நிர்வாகத்தின் நிலம். அங்கே வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவை 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தின் கீழ் முதலாளியின் பொறுப்பு. அந்தச் சட்டத்தின் எண் 446. புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. கவுன்சிலர் அங்கே போய் “நான் செய்து தருகிறேன்” என்று வாக்குக் கொடுப்பதுதான் பெரிய தப்பு. கடிதம் எழுத உதவலாம், உடன் போகலாம். கழகத்தின் பணத்தைக் காட்டி ஆசை காட்டக் கூடாது.

லோங்காங், அதாவது சாக்கடை விஷயத்தில் எல்லோருக்கும் குழப்பம். வீட்டுப் பின்னால் ஓடுவது கழகம். ஜே.கே.ஆர். ரோட்டோரம் ஓடுவது ஜே.கே.ஆர். ஆறும் பெரிய வெள்ளக் கால்வாயும் வடிகால் நீர்ப்பாசனத் துறை, ஜே.பி.எஸ். கழிவுநீர்க் குழி பொங்கினால் இண்டா வாட்டர் நிறுவனம். குழாய் உடைந்தால் ஆயர் சிலாங்கூர் என்ற தண்ணீர் நிறுவனம். சிலாங்கூரில் குப்பை லோரி பெரும்பாலும் கேடிஇபி நிறுவனத்துடையது. கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர் பக்கம் திடக்கழிவுச் சட்டமான சட்டம் 672 நடப்பில் இருப்பதால் அங்கே குப்பைக்கு எஸ்.டபிள்யூ.கார்ப் என்ற கூட்டரசு அமைப்பு. பினாங்கிலும் பேராவிலும் அந்தச் சட்டம் இல்லை, கழகமே பொறுப்பு. சிலாங்கூரில் இருக்கும் அண்ணன் அனுப்பிய குப்பை அறிவிப்பைச் நெகிரி செம்பிலானின் சிரம்பானில் இருக்கும் தங்கச்சி தன் தாமான் குழுவில் போடுவது இதனால்தான் ஆபத்து.

தெருவிளக்குப் புகாரைச் சரியாக எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். ஒரே ஒரு விளக்கு அணைந்திருந்தால் பல்பு அல்லது அந்தக் கம்பத்துக்குள் இருக்கும் பாகம். வரிசையாக எல்லாம் இருட்டென்றால் கேபிள் அல்லது பெட்டிக் கோளாறு, சில சமயம் கேபிள் திருட்டு. பட்டப்பகலில் எரிந்தால் நேரக் கருவியோ ஒளி உணரியோ பழுது. இதை எழுதிவிட்டால் ஆள் வரும்போதே சரியான சாமானோடு வருவார். கம்பத்தில் இருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். எண் இல்லாவிட்டால் எதிர்வீட்டு எண். “கோயில் பக்கத்து விளக்கு” என்றால் கோயிலுக்கு நாலு பக்கமும் விளக்கு இருக்கும்.

குழிக்கு இரண்டு படம் வேண்டும். ஒன்று தூரத்திலிருந்து, கடையோ பலகையோ தெரியும்படி. இன்னொன்று கிட்டத்தில், அளவு தெரிய ஒரு செருப்பையோ தண்ணீர்ப் போத்தலையோ பக்கத்தில் வைத்து. மழை நின்றதும் எடுத்தால் குழி வெறும் குட்டையாகத் தெரியும், ஆழம் தெரியாது. தண்ணீர் வடிந்ததும் எடுங்கள். ரோட்டுப் புகாருக்கு 2023-இல் வந்த மைஜாலான் செயலியும் இருக்கிறது. கைப்பேசியின் இடக்குறியை அது தானே எடுத்துக்கொள்ளும் என்பதால், வீட்டுக்கு வந்து சாவகாசமாக அனுப்பாமல் குழிக்குப் பக்கத்தில் நின்றே அனுப்புவது நல்லது.

புகார் போனதும் ஓர் எண் வரும். அந்த எண்தான் உயிர். 120 பக்க நோட்டுப் புத்தகமோ கணினிப் பட்டியலோ, ஏழு கட்டம் போதும்: வந்த தேதி, இடம், என்ன பழுது, எந்த அலுவலகம், புகார் எண், பதில் வந்த தேதி, அடுத்து எப்போது கேட்பது. கடைசிக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் தாண்டினால் அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். புதிதாக இன்னொரு புகார் போட்டால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். ‘செலெசாய்’ (முடிந்தது) என்று பதில் வந்தாலும் போய்ப் பார்த்த பிறகே முடிந்ததாக எழுதுங்கள். வேறு பிரிவுக்குத் தள்ளிவிட்டாலும் சில நேரம் அந்தச் சொல்தான் வரும்.

அறிவிப்பு எழுதும் முறைக்கு வருவோம். கிழமை, தேதி, நேரம், தெருப் பெயர், யார் செய்கிறார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும், சந்தேகத்துக்கு யார். இவ்வளவுதான். கொசுப் புகைக்கு ஓர் மாதிரி:

“12 மார்ச், வியாழன், மாலை 6.30 முதல் 7.30 வரை. லோரோங் 3, 4, 5 மட்டும். சுகாதார அலுவலகம் புகை அடிக்கிறது. கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே இருங்கள். சோறு, கறி, குழந்தைப் பால் எல்லாவற்றையும் மூடுங்கள். பறவைக் கூண்டை வெளியே எடுங்கள், மீன் தொட்டியை மூடுங்கள். மழை பெய்தால் தள்ளிப்போகும், புதிய தேதி இங்கேயே வரும். இந்தச் செய்தி 12 மார்ச்சுக்குப் பிறகு செல்லாது.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பழைய செய்தி பேயாக அலைவதை அது ஒன்றுதான் நிறுத்தும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். பூச்சாடித் தட்டில் இருக்கும் புழு அப்படியே இருக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே மறுவாரம் “தட்டைக் கவிழ்த்தீர்களா?” என்று ஒரு வரி போடுங்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. ‘மதிப்பீட்டு வரி’ என்று அழகாக எழுதிவிடுகிறோம். பாட்டி அதைப் படித்துவிட்டு முகப்பிடத்தில் போய் என்ன கேட்பார்? அங்கே பலகையில் ‘சுக்காய் தக்சிரான்’ என்றுதான் இருக்கும், வீட்டில் ‘சுக்காய் பிந்து’ என்பார்கள். மூன்றையும் ஒரே வரியில் போடுங்கள். மலாய்க் கடிதத்தைப் படம் பிடித்து அப்படியே போட்டுவிட்டு “கவனிக்கவும்” என்று எழுதுவது அறிவிப்பே இல்லை. இரண்டு மொழியும் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். தேதியை இரண்டு முறை சொல்லுங்கள்.

புலனத்தில் அனுப்பும் வழியும் முக்கியம். ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பாதிப்பேருக்குப் போயிருக்காது. நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றும், எல்லோரும் பேசும் குழு ஒன்றும் தனித்தனியே வையுங்கள். காலை வணக்கப் பூப்படங்கள் இரண்டாவதில் பூக்கட்டும். புகார் செய்பவரின் ஐசி (அடையாள அட்டை) எண், வீட்டு எண், தொலைபேசி எண் குழுவில் வரக் கூடாது. தனியே வாங்குங்கள். எழுத்தில் தவறு கண்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். தேதி தவறாகப் போய் அதற்கு மேல் ஆகிவிட்டால், அழித்துவிட்டு ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டுப் புதிதாக அனுப்புங்கள். சத்தமில்லாமல் மாற்றினால் ஏற்கெனவே வேறு குழுவுக்குப் போன பிரதி மாறாது.

கைப்பேசிக்கு வெளியேயும் ஊர் இருக்கிறது. மளிகைக் கடை, கோயில் வாசல், தமிழ்ப்பள்ளிக் கேட், கிளினிக். ஏ4 தாளில் 18 புள்ளிக்குக் குறையாத எழுத்து. பிளாஸ்டிக் உறையின் திறந்த வாய் கீழே பார்க்க வேண்டும், மேலே பார்த்தால் முதல் மழையிலேயே மை கரையும். தமிழ்க் கோப்பை வேறு கணினியில் திறந்தால் கொம்பும் காலும் பிரிந்து கட்டம் கட்டமாக வரும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை கட்டாயம் பேச வேண்டியது சுக்காய் பிந்து. முதல் பாதி பிப்ரவரிக் கடைசிக்குள், இரண்டாம் பாதி ஆகஸ்ட் 31-க்குள். நினைவூட்டலை அந்த மாதத்தின் முதல் வாரத்தில் அனுப்புங்கள், கடைசி நாளில் அனுப்பினால் முகப்பிடத்தில் வரிசை மட்டுமே நீளும். கணக்கையும் ஒருமுறை விளக்கிவிடுங்கள். வீட்டுக்கு மாதம் 600 ரிங்கிட் வாடகை போகும் என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 7,200. விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 432, அரையாண்டுக்கு 216 ரிங்கிட். விகிதம் கழகத்துக்குக் கழகம் மாறும், ரசீதில் பாருங்கள். நில வரி இதில் சேராது. அது நில அலுவலகத்துக்கு, சிலாங்கூரில் மே 31-க்குள். கழகத்துக்குக் கட்டிவிட்டோம் என்று நில வரியை மறந்தவர்கள் எல்லாத் தாமானிலும் உண்டு.

புதிய மதிப்புப் பட்டியல் வரும்போது வரி ஏறும், குழுவில் கோபம் கொதிக்கும். அப்போது திட்டுவதால் பயனில்லை. பட்டியலை மறுபரிசீலனை செய்யக் கழகம் குறித்திருக்கும் தேதிக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம் என்பது சட்டம் 171-இன் 142-ஆவது பிரிவு. பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்தம், சுவர் வெடிப்புப் படம் போன்றவற்றை இணைத்தால் கடிதத்துக்கு எடை கூடும். வீடு கை மாறினால் மூன்று மாதத்துக்குள் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காததால் ரசீது பழைய முதலாளி பெயரிலேயே வந்துகொண்டிருக்கும், நிலுவை ஏறும், பிறகு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்யும் வாரண்ட் வரை போகும்.

தோட்டம் விற்று வீடமைப்பாக மாறும் பட்டணங்களில் திட்ட அனுமதிப் பலகையைக் கவனியுங்கள். எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு காட்சிக்கு வைக்கப்பட்டால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கிடைக்கும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாடு வந்தால், பக்கத்து நில உரிமையாளருக்குக் கடிதம் வரும், கிடைத்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். அது உரிமையாளருக்கு வரும் கடிதம். வாடகைக்கு இருப்பவர் அதை மின்சாரக் கட்டண ரசீதோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்துவிடுவார். இந்த ஒன்றுக்கு மட்டும் கவுன்சிலரே வீடு வீடாகப் போவது தகும்.

கழகத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை, சட்டம் 171-இன் 23-ஆவது பிரிவு. குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. கூட்டத் தேதியை முன்கூட்டியே போடுங்கள், இரண்டு மூன்று பேராவது வரட்டும். முடிந்ததும் உங்கள் தாமானைத் தொட்ட மூன்று முடிவுகளை எழுதுங்கள், எதிராகப் போனதையும் சேர்த்து. ‘சூலிட்’ (இரகசியம்) முத்திரை குத்திய தாளை மட்டும் படம் பிடிக்காதீர்கள், அரசாங்க இரகசியச் சட்டம் விளையாட்டல்ல. சிலாங்கூரில் தகவல் சுதந்திரச் சட்டம் 2011-லேயே வந்துவிட்டது. கேட்பவருக்கு விண்ணப்பப் பாரத்தைக் காட்டிவிடுவது நேரான வழி.

தவணை முடியும் மாதத்தில் செய்ய ஒரு வேலை பாக்கி இருக்கும். முடியாத புகார்களுக்கு நேராகச் சிவப்பு மையில் குறியிட்டு, நோட்டுப் புத்தகத்தையும் குழுவின் நிர்வாகி உரிமையையும் அடுத்து வருபவரிடம் ஒப்படையுங்கள். குழுவைக் கலைத்துவிட்டுப் போனால் புதியவர் முதல் ஆறு மாதம் ஆள் சேர்ப்பதிலேயே கழிப்பார், அந்த ஆறு மாதமும் லோரோங் 4 இருட்டிலேயே கிடக்கும்.