கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஷேப்பர்

மார்ச் 9, 2025, ஞாயிறு

ஷேப்பர் வீடு வந்து சேர்ந்தது. டூல் முன்னும் பின்னும் போய் இரும்பு முகத்தைச் சீவித் தட்டையாக்கும் மெஷின். கோவையில் மூடிக்கொண்டிருந்த ஒரு லேத்துப் பட்டறையில் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போக இருந்ததை, அதே கிலோ விலைக்கு வாங்கினேன். 12 அங்குல ஸ்ட்ரோக், அதாவது டூல் ஒரு தடவை போகும் தூரம். பெயர்த்தகடு தேய்ந்து எழுத்து தெரியவில்லை. டெம்போவில் வேலந்தாவளம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தோம். இறக்குவதற்குச் செயின் பிளாக், நாலு இரும்பு பைப், ரெண்டு கடப்பாரை, அஞ்சு ஆள்.

"ராமைப் பிடிச்சுத் தூக்காதீங்க தம்பி, ஸ்லைடு போயிரும். உடம்புல பெல்ட்டைப் போடுங்க" என்று மேஸ்திரி அதட்டினார். எழுபதைத் தாண்டியவர். கஞ்சிக்கோட்டில் பிட்டராக இருந்தவர். ராம் என்பது டூலைச் சுமந்து முன்னும் பின்னும் போகும் கை, ஸ்லைடு அது வழுக்கி ஓடும் தடம். அவர் சொன்னபடியே செய்தோம்.

கட்டர் சுழன்று வெட்டும் மில்லிங் மெஷின் வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். மில்லிங் கட்டர் மழுங்கினால் கூர் தீட்ட வெளியே கொடுக்க வேண்டும். ஷேப்பருக்கு ஒரு ஹைஸ்பீடு ஸ்டீல் துண்டு போதும். வீட்டு கிரைண்டரில் நானே தீட்டிக்கொள்வேன். வேகம் குறைவுதான். எனக்கு அவசரமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பக்கவாட்டு மூடியைக் கழற்றினோம். உள்ளே கறுத்துக் கெட்டியான கிரீஸ், அதற்குள் பெரிய புல் (bull) கியர், அதன் முகத்தில் கிராங்க் பின், அந்தப் பின் ஏறி இறங்கும், ராமை ஆட்டும் ராக்கர் ஆர்ம். கையால் கியரைச் சுற்றச் சுற்றப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கியர் ஒரே சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் ராம் முன்னே போகும்போது நிதானமாகப் போகிறது, திரும்பும்போது விரைவாக வருகிறது. ராக்கர் கீழே ஊன்றி ஆடுவதால், கிராங்க் பின் மேல் பக்கமாகச் சுற்றும் நீண்ட நேரம் வெட்டுக்கும், ராக்கரின் அடி அருகே வரும் குறுகிய நேரம் திரும்புவதற்கும் வாய்க்கிறது. சாக்பீஸால் குறி வைத்து அளந்தேன். ஒரு சுற்றில் அஞ்சில் மூணு பங்கு வெட்டு, ரெண்டு பங்கு திரும்பல். பின்னை நடுவிலிருந்து வெளியே தள்ளினால் ஸ்ட்ரோக் நீளும், உள்ளே இழுத்தால் குறையும்.

ஜேம்ஸ் நாஸ்மித் 1836இல் முதல் ஷேப்பரைச் செய்தார். சின்னப் பாகங்களில் தட்டையான முகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் உளியும் அரமும் பிடித்த கைதான் கதி என்றிருந்த காலத்தில், அந்தக் கையின் போக்குவரத்தை இரும்புக்குக் கொடுத்தது பெரிய காரியம்.

மார்ச் 30, ஞாயிறு

துரு. வைஸ், டூலைத் தாங்கும் கிளாப்பர் பாக்ஸ், கைப்பிடிகள் எல்லாம் பிளாஸ்டிக் டிரம்முக்குள். லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வாஷிங் சோடா. பேட்டரி சார்ஜரின் மைனஸ் வயர் துருப்பிடித்த பாகத்துக்கு, பிளஸ் வயர் வேண்டாத பழைய இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகமே கரைந்துபோகும். தகடு எவர்சில்வராக இருக்கக்கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். அதனால் டிரம்மைத் தென்னைமரத்தடியில் திறந்த வெளியில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் துரு கறுப்பு மாவாகி, பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. துடைத்த கையோடு எண்ணெய் பூச வேண்டும். பூசாமல் விட்ட ஒரு கைப்பிடி அரை மணி நேரத்தில் மீண்டும் சிவந்துவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

பக்கத்து வீட்டில் விஷுக்கணி, எங்கள் வீட்டில் சித்திரைக் கனி. மெஷினுக்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

மோட்டார் 1 குதிரைசக்தி, 3 பேஸ். வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ். 230 வோல்ட் உள்ளே வாங்கி 3 பேஸ் தரும் டிரைவ் ஒன்று போட்டேன். மோட்டார் சுருள்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் கட்டியிருந்தன. டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே இருந்ததால் லிங்குகளை மாற்றி 230 வோல்ட்டுக்கான டெல்டா இணைப்பு ஆக்க முடிந்தது. ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது பழைய அளவு வோல்ட்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் ஓட்டம். அதற்கு முன்னால் மெஷினைச் சுவரிலிருந்து மூணடி தள்ளி வைத்தோம். ராம் பின்னாலும் நீண்டு வரும், இடையில் ஆள் மாட்டினால் அது நிற்காது. பின்புறம் பைப்பில் ஒரு வேலியும் அடித்துவிட்டேன். இந்த வேலி இல்லாமல் எங்கள் வீட்டுப் பாப்பாவைப் பட்டறைக்குள் விடமாட்டேன்.

ஒரு காஸ்டிங் (வார்ப்பிரும்பு) துண்டு. ஸ்ட்ரோக் 150 மில்லிமீட்டர், நிமிஷத்துக்கு 40. வெட்டுக்கு அஞ்சில் மூணு பங்கு நேரம் என்று கணக்குப் போட்டால் வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 10 மீட்டர். காஸ்டிங்குக்கு அது தாராளமாகத் தாங்கும். ஆனால் வெட்டிய முகம் முழுக்க நடுக்கக் கோடுகள், விரலில் நிரடின. ராமின் ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் பட்டையை இறுக்கினேன், கொஞ்சம் குறைந்தது. டூலை வெளியே நீட்டாமல் குட்டையாகப் பிடித்தேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

மே 4, ஞாயிறு

மேஸ்திரி ஒன்றும் பேசாமல், டூல் மாட்டும் கதவான கிளாப்பரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். திரும்பும் ஸ்ட்ரோக்கில் டூல் வெட்டிய முகத்தைத் தேய்க்காமல் எழும்பிக்கொள்ளத்தான் இந்தக் கதவு. மேலே மட்டும்தான் ஆட வேண்டும். கிளாப்பரைத் தாங்கும் பின் தேய்ந்து பக்கத்திலும் ஆடினால் எந்த டூலும் நடுங்கும். பாக்ஸையும் கிளாப்பரையும் சேர்த்து வைத்து துளையை 1:50 சரிவில் விரிக்கும் டேப்பர் ரீமரைக் கையால் ஓட்டி, அடுத்த சைஸ் டேப்பர் பின் போட்டோம். ரெண்டு மணி நேரம். பிறகு வெட்டினால் கோடு இல்லை. கண்ணாடி மாதிரி இல்லை, சாம்பல் நிறத்தில் சீராக, பார்க்கப் பார்க்க நிறைவாக இருந்தது.

கழுத்து பின்னால் வளைந்த டூல் ஒன்றும் அடித்துக் கொடுத்தார். பாரத்தில் வளையும்போது அதன் நுனி வேலைக்குள் குத்தாது, விலகிக்கொள்ளும்.

மே 18, ஞாயிறு

ரெண்டு மாதமாகக் காத்திருந்த நாள். வெட்ட வேண்டிய துண்டை வைக்கும் டேபிளின் முகத்தில் பழைய டிரில் குழிகள், முன்பக்கம் 0.12 மில்லிமீட்டர் இறக்கம். அந்த முகத்தை அதே மெஷினாலேயே சீவலாம். டேபிளை உயர்த்தி, ஜிப்புகளை இறுக்கி, முன் தாங்கியை முட்டுக் கொடுத்தோம். ஸ்ட்ரோக் 280, நிமிஷத்துக்கு 25. ஸ்ட்ரோக்குக்கு 0.2 நகர்வு. 250 அகலத்துக்கு 1250 ஸ்ட்ரோக், ஒரு வெட்டுக்கு 50 நிமிஷம். இரண்டு வெட்டு. டூல் டேபிளின் டி-ஸ்லாட் பள்ளத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்ற சத்தம்.

முடிந்ததும் பாப்பா டூல் இடத்தில் மேடு பள்ளம் காட்டும் டயல் இண்டிகேட்டரை மாட்டி ஓட்டினாள். முள் அசையவில்லை. துள்ளினாள். மேஸ்திரி தலையசைத்தார். "சீவுனதும் இந்த ராம்தான், சாட்சி சொல்றதும் இந்த ராம்தான். அது எப்படி வேற சொல்லும் கண்ணு?" ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்கோலை வைத்தோம். நடுவில் 0.03 மில்லிமீட்டர் பீலர் தகடு நுழைந்தது. ராமின் ஸ்லைடு நடுவில் தேய்ந்திருக்கிறது, அந்த வளைவு டேபிளில் பதிந்திருக்கிறது. ஸ்லைடை, மேடு காட்டும் நீல மை (புளூ) போட்டுச் சுரண்டித்தான் சரி செய்ய வேண்டும். அது மழைக்கால வேலை. என் வேலைகளுக்கு இப்போதைக்கு 0.03 போதும்.

மே 27, செவ்வாய்

24ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு பட்டறைக்குள் அடிக்கிறது. தினம் ராத்திரி ஸ்லைடுகளில் 68ஆம் நம்பர் எண்ணெய், மேலே பழைய வேட்டி.

மழையில் கரும்புச்சாறு வியாபாரம் படுத்துவிட்டதால், பொள்ளாச்சி ரோட்டில் கடை போட்டிருக்கும் அண்ணன் தன் மெஷினின் காஸ்டிங் கியரைக் கழற்றிக்கொண்டு வந்தார். 28 மில்லிமீட்டர் துளை, கியரை ஷாப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளமான கீவே பிய்ந்து வாய் திறந்து கிடந்தது. அதைத் தொடாமல் எதிர்ப்பக்கம் புதிதாக 8 மில்லிமீட்டர் கீவே வெட்டினேன். துளைக்குள் போகும் நீளக் கம்பி டூல். உள்வேலைக்குக் கிளாப்பர் எழும்பக்கூடாது, ஆப்பு வைத்து இறுக்கினேன். ஸ்ட்ரோக்குக்கு 0.05 தான் கொடுத்தேன். 3.3 ஆழத்துக்கு 66 ஸ்ட்ரோக். ஒவ்வொன்றையும் எண்ணினேன்.

கீ சற்றே தடித்திருந்தது. அரத்தில் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். பெருவிரலால் அழுத்த முக்கால்வாசி போனது, மரச்சுத்தியால் ஒரு தட்டில் உட்கார்ந்தது. அண்ணன் கியரைக் கையில் வாங்கி, ஷாப்டோடு சேர்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.