செவியாவில் ஓர் இத்தாலியரின் ஓடுகள்

ஸ்பெயினின் செவியாவுக்குப் போனால் அல்காசர் அரண்மனையின் மேல்மாடிக்கும் டிக்கெட் எடுங்கள். அது தனி டிக்கெட் என்பதால் பலரும் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள சிறிய ஜெப அறையில், 1504-ல் பிரான்சிஸ்கோ நிக்குலோசோ என்ற இத்தாலியக் கலைஞர் வண்ண ஓடுகளாலேயே (டைல்ஸ்) செய்த பீடம் இருக்கிறது. நடுவில் இயேசுவின் தாய் மரியாளும் அவருடைய உறவினர் எலிசபெத்தும் சந்திக்கும் காட்சி. சுற்றிலும், படுத்திருக்கும் ஈசாயிடமிருந்து (தாவீது அரசனின் தந்தை) கிளம்பிப் படரும் கொடியில் இயேசுவின் முன்னோர்கள். மஞ்சளும் நீலமும் பச்சையும் 500 வருஷம் கழித்தும் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

நிக்குலோசோ பீசாவிலிருந்து வந்தவர். அதுவரை செவியாவில் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமலிருக்க ஓட்டிலேயே வரப்பு போல மேடு எழுப்புவார்கள், இல்லையென்றால் எண்ணெய் கலந்த கோடு இழுப்பார்கள். கட்டமும் நட்சத்திரமும் போட அது போதும். முகம் வரைய எப்படிப் போதும்? அவர் கொண்டுவந்தது மஜோலிகா. சுட்ட ஓட்டில் வெள்ளீயம் சேர்ந்த வெள்ளை கிளேஸை, அதாவது சுட்டால் கண்ணாடிபோலாகும் பூச்சை, பூசி, அது காய்ந்ததும் மேலே தூரிகையால் வரைந்து, மறுபடி சூளையில் வைப்பது. காய்ந்த பூச்சு நிறத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அழித்துத் திருத்த வழியில்லை. இது தெரிந்த பிறகு எலிசபெத்தின் முகத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

அப்புறம் குவாதல்கிவிர் ஆற்றைத் தாண்டி திரியானாவுக்குப் போனேன். அவருடைய பட்டறை இருந்தது அந்தக் குயவர் பேட்டையில்தான். சாந்தா அன்னா தேவாலயத்தில் 1503-ல் அவர் செய்த இஞிகோ லோபஸ் என்பவரின் கல்லறை ஓடுகள் இருக்கின்றன. அதை உதைத்தால் கல்யாணம் கூடிவரும் என்று பெண்களிடம் ஒரு நம்பிக்கை இருந்ததாம். ஓடுகள் பாவம், நிறையவே தேய்ந்திருக்கின்றன.

‘என்னைச் செய்தவன் இத்தாலியனான நிக்குலோசோ பிரான்சிஸ்கோ’ என்று படைப்பே பேசுவதுபோல லத்தீனில் கையெழுத்திடுவது அவர் வழக்கம். செவியாவிலேயே வாழ்ந்து 1529-ல் இறந்துபோனவர் தன்னை இத்தாலியன் என்றே எழுதிக்கொண்டது என்னை என்னவோ செய்தது.

அவருக்குப் பின் அந்த வித்தை அங்கே வேரூன்றவில்லை. 1561-ல் இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த பிரான்ஸ் அந்திரீஸ் என்ற குயவர், செவியாவின் குயவர் ரோக்கே எர்னாண்டஸுக்கு அதைக் கற்றுத்தர ஒப்பந்தம் போட்டார். நிக்குலோசோ என்ற அந்த மாபெரும் கலைஞர் இத்தனை வருஷம் வேலை செய்த ஊர், அதே வித்தைக்கு இன்னொரு வெளிநாட்டவரிடம் போக வேண்டியிருந்தது.