ரேகை விழல, நாளைக்கு வாங்க

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் அங்கன்வாடி வாசலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்னைக்கு என்ன எழுதினான் டீச்சர்?” எழுதவில்லை, ரேஷன் கடை வைத்தான் என்றால் முகம் சுருங்கிவிடும்.

அந்தக் கடையை அவர்கள் பார்க்க வேண்டும். மணல்தான் சர்க்கரை, கொட்டாங்குச்சிதான் படி. உடைந்த செங்கல் துண்டு ஒன்று கைரேகை மெஷின். கடைக்காரர் நாலு வயசு. வரிசையில் நிற்கும் ‘பாட்டி’ கட்டைவிரலை அழுத்தினால், “ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்று விரட்டுகிறார். பாட்டியும் விடுவதில்லை. “வேற விரல் வெச்சுப் பாரு!” யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுப் பெரியவர்களோடு போய் நின்று பார்த்ததுதான்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். குச்சி கையில் இருக்க, குதிரை மனசில் ஓடுகிறது. பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரிக்கக் குழந்தை அங்கே பழகுகிறது. ஆனால் எல்லாவற்றையும் குதிரையாக்கிவிட முடியாது, தபால் அட்டை குழந்தைக்குக் குதிரையாகாது என்கிறார். எங்கள் செங்கலும் விரல் வைத்து அழுத்தத் தோதாக இருந்ததால்தான் மெஷின் ஆனது. போன வாரம் அதுவே சோப்பு. பிளாஸ்டிக் அடுப்பு ஒன்றும் மூலையில் கிடக்கிறது, பாவம், அது வந்த நாளிலிருந்து அடுப்பாகவே இருக்கிறது.

இப்படி விளையாடினால் கற்பனைத்திறன் பெருகும் என்று அம்மாக்களிடம் நான் சத்தியம் செய்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் 2013-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, பாவனை விளையாட்டுதான் படைப்பாற்றலை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். நான் சொல்வது கண்ணால் பார்த்ததை மட்டும். சுண்டலுக்கு முண்டியடிக்கிற பையன் ரேஷன் வரிசையில் முறை வரும்வரை நிற்கிறான். முந்தினால் ஆட்டத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பாட்டுப் பாடச் சொன்னால் வாயே திறக்காத பெண், கடைக்காரரிடம் அரைமணி நேரம் சண்டை போடுகிறாள்.

அதனால் இப்போது அம்மாக்களிடம் நோட்டுக்குப் பதில் காலி டப்பா, பழைய தாவணி, அட்டைப்பெட்டி கேட்கிறேன். விழுங்கிவிடுகிற அளவில் மூடி, மணி எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் இருக்கின்றன.