அந்த மாநாட்டில புடையனைப் பற்றி நான் கேட்ட கேள்வி

போன மாசம் மூண்டு இரவு நித்திரை கொள்ளாமல் இருந்து ஒரு மாநாடு பாத்தனான். என்னோட படிச்ச ஒருத்தி இப்ப கொழும்பில ஆராய்ச்சிப் பக்கம் வேலை செய்யிறாள், அவள்தான் லிங்கை அனுப்பினவள், "எடி, பாம்பு விசத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் எல்லா நாட்டில இருந்தும் வருகினம், ஒன்லைன்ல பாக்கக் காசில்லை, நீ கட்டாயம் பாக்கோணும்" எண்டு. அவளுக்குத் தெரியும் நான் ஏன் பாக்கோணும் எண்டு. வன்னியில ஒரு ஆஸ்பத்திரியில மெடிக்கல் வோட்டில நான் 9 வருசமா நேர்ஸா இருக்கிறன், வயல் வெட்டுக் காலத்தில எங்கட வோட்டில பாம்பு கடிச்ச ஆள் இல்லாத கிழமை எண்டு ஒண்டு வாறதே இல்லை.

முள்ளியவளையில எங்கட வீட்டுக்குள்ள சிக்னல் நிக்காது. அதால பின் விறாந்தையில தூணோட கதிரையைப் போட்டு, ஸ்ரூலில லாப்டொப்பை வைச்சு, அம்மா பத்தவைச்சுத் தந்த நுளம்புத்திரியோட இருந்தன். அவைக்கு அங்க பகல், எங்களுக்குச் சாமம்.

மாநாட்டைச் சொல்ல முதல் ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்லோணும், ஏன் எண்டா அந்த மூண்டு இரவும் நான் அவரைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

மாசி மாசம். பண்டிக் காவலுக்கு வயலுக்குப் போனவர், ரோச் லைட் சேட் பொக்கெற்றுக்குள்ள, பொழுதுபடேக்க வரம்பால நடந்து போகேக்க கணுக்காலுக்கு மேல நெருப்பு வைச்ச மாதிரி இருந்ததாம். ரோச்சை அடிச்சுப் பாத்தா புடையன், இந்தியாவில கண்ணாடி விரியன் எண்டு சொல்லுற பாம்பு, தடிச்ச உடம்பு, முதுகில சங்கிலி மாதிரி வட்டம் வட்டமா. சாரத் துணியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்ட வந்து, பரியாரியாரிட்டப் போறதோ ஆஸ்பத்திரிக்குப் போறதோ எண்டு வீட்டுக்காரர் கதைச்சு முடிக்கவே அரை மணித்தியாலம், பிறகு முதல் போன இடத்தில மருந்து இல்லை எண்டு துண்டு எழுதி அனுப்பிவிட்டவை, கடைசியா எங்களிட்ட வந்து சேரேக்க இரவு 9 மணி. கடிச்சு மூண்டு மணித்தியாலம்.

புடையன் கடிக்கு நாங்கள் முதல் செய்யிற ரெஸ்ற் ஒண்டு இருக்கு. மெசின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். காஞ்ச புதுக் கண்ணாடி ரியூப் ஒண்டில நரம்பில இருந்து எடுத்த 2 மில்லி இரத்தத்தை விட்டு, அசைக்காமல் 20 நிமிசம் வைச்சுட்டு ஒருக்காச் சரிச்சுப் பாக்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்ரிக் ரியூப் எண்டாச் சரிவராது, கண்ணாடி பட்டாத்தான் இரத்தம் உறையத் தொடங்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவின ரியூப் எண்டாலும் பிழைச்சுப்போகும். நான் ரியூபை ஸ்ராண்டில நிப்பாட்டிப்போட்டு மணிக்கூட்டைப் பாத்தன். அந்த 20 நிமிசமும் ஐயா என்னோட கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர். "பிள்ளை, எனக்கு நித்திரை வருது" எண்டார். அவருக்கு நித்திரை இல்லை, கண் இமையைத் தூக்க ஏலாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கட நாட்டுப் புடையன் கடிச்சா இரத்தத்தோட சேத்து நரம்பையும் பிடிக்கும், இமை விழும். மேல பாருங்கோ ஐயா எண்டா நெத்தியைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கிறார், இமை எழும்புதில்லை. 20 நிமிசம் முடிய ரியூபைச் சரிச்சன். வெறுந்தேத்தண்ணி ஊத்தின மாதிரி ஓடிச்சு, ஒரு கட்டி கூட இல்லை. பக்கத்தில நிண்ட அவற்ற மனுசி அதைப் பாத்திட்டு என்ர முகத்தைப் பாத்தவ.

புடையன் விசத்தில இருக்கிற சில சாமான் எங்கட இரத்தத்தை உறைய வைக்கிற சங்கிலியை நடுவில பிடிச்சு ஒரேயடியா ஓட விட்டுடும், உறையிறதுக்கு உடம்பில இருந்ததெல்லாம் அதில முடிஞ்சுபோகும், பிறகு பல்லு முரசால இரத்தம் வரும், மூத்திரத்தில வரும், ஊசி போட்ட இடத்தாலயும் நிக்காமல் கசியும். இதே விசத்தை 1934 இல இங்கிலாந்தில மக்ஃபார்லேன் எண்ட டொக்டர், இரத்தம் உறையாத நோய் இருக்கிற ஆக்களின்ர காயத்தில துளியாத் தடவி இரத்தத்தை நிப்பாட்டிப் பாத்தவர், இண்டைக்கும் பெரிய ஆய்வுகூடங்களில இரத்தம் உறையிற ஒரு பரிசோதனைக்குப் புடையன் விசம்தான் பாவிக்கினம். எங்கட வரம்பில கிடக்கிற சாமான்.

டொக்டர் விசமுறிவு மருந்து 20 குப்பி எண்டு சொன்னார். அந்த மருந்து பவுடரா வாறது, ஒவ்வொரு குப்பிக்கும் தண்ணி விட்டுக் கரைக்கோணும், குலுக்கக் கூடாது, குலுக்கினா நுரைச்சுப்போகும், மெல்லமா உள்ளங்கையில வைச்சு உருட்டோணும். மூண்டு பேர் நிண்டு உருட்டினம். மருந்து ஏத்த முதல் தோலுக்குக் கீழ ஒரு சின்ன அட்ரினலின் ஊசி. அந்த ஊசியைப் பற்றிப் பிறகு சொல்லுறன்.

ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு திருப்பி எடுத்த ரியூபில அடியில மட்டும் கொஞ்சம் கட்டிச்சுது. விடிய எடுத்த ரியூபைத் தலைகீழாப் பிடிக்க இரத்தம் அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிண்டுது, அந்த அம்மாவுக்கும் காட்டினன், அவ கையெடுத்துக் கும்பிட்டுட்டு புதூர் நாகதம்பிரானுக்கு நேந்துகொண்டா. ஐயா தப்பினார், ஆனா கிட்னி அடிபட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நாலு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்தது. அந்த மூண்டு மணித்தியாலம் ஒரு மணித்தியாலமா இருந்திருந்தா எண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான்.

சரி, மாநாடு. முதல் நாள் முழுக்கக் கணக்கு. உலகத்தில வருசத்துக்கு 81,000 தொடக்கம் 138,000 பேர் வரை பாம்பு கடிச்சுச் சாகினம், இதை உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின்ர பட்டியல்ல சேத்தது 2017 இலதான், 2030 க்குள்ள சாவைப் பாதியாக்கிறது எண்டு திட்டம் போட்டது 2019 இல. எங்கட நாட்டுக் கணக்கும் வந்தது, 2012, 2013 காலத்தில ஒன்பது மாகாணத்திலயும் வீடு வீடாப் போய் 165,000 க்கு மேற்பட்ட ஆக்களைப் பற்றி விசாரிச்சு எடுத்த கணக்கு, வருசத்துக்கு 80,000 கடி, 400 க்கு மேல சாவு. ஆஸ்பத்திரிக்கு வராமலே வீட்டில செத்த ஆக்களும் அதுக்குள்ள வருகினம். எங்கட சனம் மீளக்குடியேறிக் கொஞ்சக் காலத்தில எடுத்த கணக்கு அது. தறப்பாள் கொட்டிலுக்க நிலத்தில பாய் போட்டுப் படுத்த காலம், சுத்திவரப் பத்தை, கட்டுவிரியன் சாமத்தில வந்து கடிக்கிறது நோகாது, விடியத் துவக்கம் வயித்துக்குத்து எண்டு பிள்ளையைக் கொண்டுவருவினம், ஒருத்தருக்கும் பாம்பு எண்டு தெரியாது, மத்தியானத்துக்குள்ள மூச்சு நிண்டுபோகும்.

அதே நாள் பின்னேரப் பகுதியில ஒரு ஸ்லைட் வந்தது, நான் கதிரையில நிமிந்து இருந்திட்டன். 2011 இல வெளிவந்த இலங்கை ஆய்வு. பாம்பு விசமுறிவு மருந்து ஏத்தேக்க ஒவ்வாமை வந்து மூச்சு முட்டுறது, பிரசர் விழுறது எங்கட ஆஸ்பத்திரிகளில சாதாரணம், அதைத் தடுக்க மருந்துக்கு முதல் என்ன குடுக்கலாம் எண்டு 1,007 நோயாளியளில களனிப் பல்கலைக்கழக ஆக்கள் முன்னிண்டு செய்து பாத்தது. ஒரு சின்ன அளவு அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில வாற கடுமையான ஒவ்வாமையை 43 வீதம் குறைச்சுது, மற்ற மருந்துகள், நாங்கள் காலம் காலமாக் குடுத்துக்கொண்டு வந்தது, பெரிசா ஒண்டும் செய்யேல்ல. நான் தினம் போடுற அந்த ஊசி! எத்தினை பேருக்குப் போட்டிருப்பன், எங்கயோ வெள்ளைக்காரரின்ர புத்தகத்தில இருந்து வந்தது எண்டுதான் நினைச்சிருந்தன். எங்கட நாட்டு ஆஸ்பத்திரிக் கட்டில்ல, எங்கட ஐயா மாதிரி 1,007 பேர் "ஓம், என்னில செய்து பாருங்கோ" எண்டு சொன்னதால வந்த ஊசி அது. அதைச் சொல்லேக்க அந்த மண்டபத்தில ஆக்கள் கை தட்டிச்சினம், நான் விறாந்தையில தனிய இருந்து கை தட்டினன்.

ரெண்டாம் நாள்தான் எல்லாரும் காத்திருந்த விசயம். அமெரிக்காவில ரிம் ஃப்ரீட் எண்டு ஒருத்தர், 18 வருசத்துக்குக் கிட்டத் தன்ர உடம்பில தானே பாம்பு விசத்தை ஏத்தி, 200 தரத்துக்கு மேல பாம்பாலயும் கடி வாங்கினவர். அவற்ற இரத்தத்தில இருந்து எடுத்த ரெண்டு எதிர்ப்புப் புரதத்தோட வரெஸ்பிளாடிப் எண்ட மருந்தையும் சேத்து எலியளில பாத்திருக்கினம், 2025 மே மாசம் வந்த ஆய்வு. 19 இனப் பாம்பில 13 க்கு முழுப் பாதுகாப்பு, மிச்சத்துக்குக் கொஞ்சம். இன்னொரு பக்கம் 2024 இல நோபல் பரிசு எடுத்த டேவிட் பேக்கரின்ர ஆக்கள் கொம்பியூட்டரில புதுசா வடிவமைச்ச சின்னப் புரதங்கள், நாகத்தின்ர விசத்தில இருக்கிற நரம்பு நச்சைப் பிடிச்சு எலியைக் காப்பாத்துது. குதிரைக்கு விசம் ஏத்தி அதின்ர இரத்தத்தில இருந்து மருந்து எடுக்கிற முறை 1890களில கல்மெற் தொடங்கினது, இண்டைக்கும் நாங்கள் அதைத்தான் ஏத்திறம். அந்தச் சின்னப் புரதங்களுக்குக் குதிரை வேண்டாம், கிருமியிலயே வளக்கலாம், சூட்டையும் தாங்குமாம். கரண்ட் போற எங்கட ஊருக்கு அது எவ்வளவு பெரிய விசயம்!

ஆனா அந்த 19 பாம்பும் நாகம், கட்டுவிரியன் சேந்த குடும்பம். புடையன் அதில இல்லை. நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில தட்டினன்: வன்னி, சிறீலங்கா, எங்கட வோட்டுக்குக் கூட வாறது புடையன், அதுக்கு எப்ப? கை நடுங்கிச்சு. நிகழ்ச்சியை நடத்தினவ கேள்வியை வாசிச்சா, வன்னி எண்ட சொல்லை "வானி" எண்டு வாசிச்சா, பறவாயில்லை, அந்த மண்டபத்தில அந்தப் பேர் கேட்டிது. பேசினவர் மழுப்பேல்ல. புடையன் குடும்பத்தின்ர விசம் வேற மாதிரி, நாலைஞ்சு வகை நொதியம் கலந்தது, ரெண்டு எதிர்ப்புப் புரதத்தால அதை அடக்க ஏலாது, வேலை தொடங்கியிருக்கு ஆனா முடிய இன்னும் கனக்க இருக்கு எண்டார். வரெஸ்பிளாடிப்பைக் குளிசையாக் குடுக்கலாம், இந்தியாவிலயும் அமெரிக்காவிலயும் ஆக்களுக்குக் குடுத்துப் பாத்திருக்கினம், நேரத்தோட குடுத்தாத்தான் உதவும் போல எண்டும் சொன்னார். முந்தி இருதய நோய்க்கு எண்டு செய்து சரிவராமல் விட்ட மருந்தாம் அது.

குளிசை எண்ட சொல்லைக் கேட்டோண்ண எனக்கு அந்தக் காவல் கொட்டில்தான் கண்ணுக்குள்ள வந்தது. வயல்ல வைச்சே விழுங்கக்கூடிய ஒண்டு. அந்த மூண்டு மணித்தியாலத்துக்குள்ள.

இன்னொண்டும் எனக்குப் பொறுக்கேல்ல. நாங்கள் ஏத்திற மருந்து இந்தியாவில இருந்து வாறது, இந்தியப் பாம்பின்ர விசத்தில செய்யிறது, அந்த விசத்தின்ர பெரும்பகுதியைச் சென்னைக்குக் கிட்ட பாம்பு பிடிக்கிற இருளர் எண்ட பழங்குடிச் சனம் 1978 இல தொடங்கின கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் குடுக்குது. அந்தச் சனத்தின்ர கைத்திறமையாலதான் எங்கட ஐயா உயிரோட இருக்கிறார், அதை நான் மறக்கமாட்டன். ஆனா புடையன் ஒரே இனம் எண்டாலும் இடத்துக்கிடம் விசம் மாறும். புது மருந்து ஒண்டு வந்தா அதை எங்கட புடையனில, எங்கட ஆக்களில பாத்துத்தான் தரோணும். அதுக்கு எங்களிட்டக் கணக்கு இருக்கோணும், கடிச்ச நேரம், வந்த நேரம், இமை விழுந்ததோ, ரியூப் உறைஞ்சதோ, எத்தினை குப்பி, கிட்னி என்னாச்சு. இதெல்லாம் நோயாளியின்ர ரிக்கற்றில எழுதிறம், ரிக்கற் கட்டிவைக்கிற அறைக்குள்ள போகுது, பிறகு ஒருத்தரும் பாக்கிறேல்ல.

மூண்டாம் நாள் முடிஞ்சு அடுத்த கிழமை டொக்டரிட்டக் கேட்டு, அவர் மேலிடத்தில கதைச்சு, ஒரு சீ.ஆர் கொப்பி போட்டிருக்கிறம். பேர் எழுதிறேல்ல, இலக்கம் மட்டும். ஒவ்வொரு பாம்புக்கடிக்கும் ஒரு வரி. இந்த மாசம் இதுவரைக்கும் 11 வரி. கொழும்பில இருக்கிறவள் சொல்லுறாள் ஒரு வருசக் கணக்கு வந்தா ஒழுங்கு அனுமதி எடுத்து ஆய்வுச் சுருக்கம் எழுதலாம் எண்டு.

போன வியாழன் கிளினிக்குக்கு ஐயா வந்தவர். இப்ப சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போறாராம், ரோச் கையில, இரவு நுளம்பு வலைக்குள்ள படுக்கிறாராம், வலையை நாலு பக்கமும் பாய்க்குக் கீழ செருகச் சொல்லி நான்தான் விட்டனான். மாநாட்டைப் பற்றிச் சொன்னன். பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "எங்கட புடையனைப் பற்றியும் கதைச்சவையோ பிள்ளை?" எண்டு கேட்டார்.

"நான் கேட்டனான் ஐயா" எண்டன்.

"என்னைப் பற்றி அவைக்குச் சொல்லுறதெண்டாச் சொல்லு. காலைக் காட்டோணும் எண்டாலும் வந்து காட்டுறன்" எண்டு சொல்லிச் சாரத்தைக் கொஞ்சம் தூக்கினார். கணுக்காலுக்கு மேல ரெண்டு கறுத்தப் புள்ளி, சுத்திவரத் தோல் சுருங்கி. கொப்பியை எடுத்து அவற்ற வரியில அதையும் எழுதினன்.