மனவடுச் சிகிச்சைப் பயிற்சி: 10 நாள் வகுப்பும் 14 மாத அலைச்சலும்

சென்ற வாரம் பதிவுத் தபாலில் சான்றிதழ் வந்து சேர்ந்தது. ‘நெட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் நரேட்டிவ் எக்ஸ்போசர் தெரப்பி, அதாவது கொடிய நெருக்கீட்டால் மனவடுவுக்கு (உள்ளத்தில் ஆறாத காயத்துக்கு) உள்ளானவர் தன் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லி, பயம் உறைந்திருக்கும் நினைவுகளை நிதானமாகக் கடந்து வரும் சிகிச்சை முறைக்கான சான்றிதழ் அது. வகுப்பு 10 நாளில் முடிந்துவிட்டது. சான்றிதழுக்காக நான் அலைந்தது 14 மாதம். யாழ்ப்பாண மாவட்டத்தின் வடமராட்சி கிழக்கில் உளவளத்துணைப் பணியில் இருக்கும் என் எதிரே வந்து அமர்கிறவர்களில் பலர், போரில் ஒரு பிள்ளையையும் 2004 டிசெம்பர் 26 அன்று கடலில் இன்னொரு பிள்ளையையும் இழந்தவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியாமல் ஒன்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டேனே என்ற உறுத்தலில்தான் விண்ணப்பித்தேன். அடுத்த அணிக்கு விண்ணப்பிக்க இருப்பவர்கள் நான் இடறிய இடங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தடை அலுவலகத்திலேயே வந்தது. பயிற்சிநெறியின் தலைப்பில் ‘சிகிச்சை’ என்ற சொல் இருந்ததால், அது வைத்தியர்களுக்குரியது என்றும் உளவளத்துணையாளருக்குக் கடமை விடுமுறை வழங்க இயலாது என்றும் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் கோப்பைத் திருப்பித் தந்தார். இரண்டாம் முறை போனபோது அவர் விடுமுறையில் இருந்தார். மூன்றாம் முறை, படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் திணைக்களத் தலைவரின் பரிந்துரை இல்லை என்றார். முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய செய்தி அது. அதற்குள் மூன்று வாரங்கள் போய்விட்டன.

வழி திறந்தது ஓர் ஆய்வுக் கட்டுரையால். சுனாமியை அடுத்த வாரங்களில் இலங்கையின் வடகிழக்கில் போராலும் கடலாலும் பாதிக்கப்பட்ட 31 சிறுவர்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்களே ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினருக்கு நெட் முறையின் சிறுவர் வடிவமும் மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின்னர் முதற் பகுதியில் 81 சதவீதத்தினரும் மற்றப் பகுதியில் 71 சதவீதத்தினரும் குணமடைந்திருந்தனர் என்பது 2009 இல் வெளியான முடிவு. வைத்தியர் அல்லாதவர்களால் இதைச் செய்ய இயலும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது என்று எழுதி, கட்டுரையின் பிரதியையும் மேன்முறையீட்டுடன் இணைத்தேன். எட்டு நாட்களில் விடுவிப்புக் கடிதம் கிடைத்தது. உங்கள் அலுவலகத்திலும் இதே மறுப்பு எழுந்தால் வாய்ப்பேச்சில் மன்றாடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், ஆதாரத்தை இணையுங்கள், திகதி முத்திரை இட்ட பிரதியொன்றை வாங்கி வையுங்கள்.

அடுத்தது பெயர். என் டிப்ளோமாச் சான்றிதழ் தமிழில் இருந்தபடியால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்கினேன். இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போய், காலை எட்டரைக்கு முதல் ஆளாக நின்று கொடுத்தபோது, தந்தையின் பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையில் உள்ளபடி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவே அதே வழியால் திரும்பினேன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், டிப்ளோமா, மொழிபெயர்ப்பு ஆகிய நான்கையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பேருந்து ஏறுங்கள்.

வகுப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு நாளைத் தவிர. நெட் முறையில் நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, வாழ்வின் நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடிய நிகழ்வுகளுக்குக் கல்லும் வைக்கிறோம். இன்னும் வாழாத காலத்துக்காகக் கயிற்றின் மீதி சுருளாகவே கிடக்கும். நான்காம் நாள் எங்களையே எங்கள் கயிற்றை விரிக்கச் சொன்னார்கள். பிற நாடுகளில் இது வெறும் வகுப்புப் பயிற்சியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 அன்று இரவு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அசைந்த சனத்துக்குள் தங்கையின் கையைப் பிடித்தபடி நின்ற பதினொரு வயதுப் பிள்ளை நான். அந்தக் கல்லை வைத்த பிறகு அன்று பிற்பகல் நான் ஒரு குறிப்பும் எழுதவில்லை. என் பக்கத்தில் இருந்த சக உத்தியோகத்தர் எழுந்து வெளியே போனவர், மாலைவரை திரும்பவில்லை. அவரைத் தேடிப் போவதற்கு ஏற்பாட்டாளர்கள் எவரையும் நியமித்திருக்கவில்லை. பயிற்றப்படுகிறவர்களும் அதே பேரழிவைக் கடந்தவர்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்காதது எனக்கு இன்றும் ஆறாத கவலை. நீங்கள் போவதற்கு முன்னர் நம்பிக்கைக்குரிய ஒருவரோடு உங்கள் கயிற்றை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வகுப்பு முடியும் ஒவ்வொரு மாலையும் பேசுவதற்கு ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பின்னரே உண்மையான வேலை தொடங்கியது. நான்கு பேருக்கு முழுமையாகச் சிகிச்சை அளித்து, ஒவ்வோர் அமர்வையும் ஒலிப்பதிவு செய்து, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற வேண்டும். ஓர் அமர்வு ஏறக்குறைய 90 நிமிடம். பயம் உச்சத்தில் இருக்கும்போது கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, அது தணியும்வரை கூடவே இருக்க வேண்டும். கொடுப்பனவுக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கும் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்துகொண்டு இதைச் செய்ய இயலாது. தாய் சேய் சிகிச்சை நிலையத்தில் வெறுமையாகக் கிடந்த அறையை வாரத்தில் இரண்டு பிற்பகல்களுக்குக் கேட்டு வாங்கினேன்.

வினாக்கொத்தும் சிக்கலைத் தந்தது. அறிகுறிகளை அளப்பதற்குக் கொடுக்கப்பட்ட தமிழாக்கத்தில் ‘ஊடுருவும் நினைவுகள்’, ‘மிகை விழிப்பு நிலை’ என்றெல்லாம் இருந்தது. மூன்றாவது கேள்வியில் ஒரு வயதான அம்மா, “இது சோதினையோ பிள்ளை?” என்று கேட்டார். எங்கள் சனம் நெஞ்சு பதைக்குது என்பார்கள், யோசனை கூட என்பார்கள், சத்தம் கேட்டால் திடுக்கிட்டு விறைச்சுப் போறன் என்பார்கள். வினாக்களை நானாகவே மாற்றி எழுதியது தவறு. சொல்லை மாற்றினால் அளவுகோலே மாறிவிடும் என்று மேற்பார்வையாளர் முதல் இரண்டு பேரின் தாள்களையும் ஏற்க மறுத்தபோது அதை ஒப்புக்கொண்டேன். பிறகு வினாவை உள்ளபடியே வாசித்து, கீழே ஊர் வழக்கில் ஒரே மாதிரியான விளக்கத்தைச் சேர்க்கும் தாளொன்றைத் தயாரித்து முன்கூட்டியே அனுமதி பெற்றேன். ‘மனவடு’ என்பது போன்ற சொற்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவற்றைத் தேடி எடுத்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றையும் விட ஒலிப்பதிவுதான் என்னை வாட்டியது. மூன்றாவதாக வந்தவர் ஒரு தாய் (அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்). 2009 மே மாதம், போர் முடிந்தபோது, தன் மகனைப் படையினரிடம் கையளித்த பிறகு அவரைக் காணாதவர். ஆணைக்குழுக்கள் முன்னும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் திரும்பத் திரும்ப வாக்குமூலம் கொடுத்தவர். கைப்பேசியை நான் மேசையில் வைத்ததும் அவருடைய பார்வை அதிலேயே நின்றது. “உதில பதிஞ்சா ஆற்றை கைக்குப் போகும்?” என்று கேட்டார். நான் கைப்பேசியை அணைத்து வெளியே கொண்டுபோய் வைத்தேன். ஒலிப்பதிவு இல்லாத அமர்வை ஏற்க இயலாது என்று பயிற்சி ஏற்பாட்டாளர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அமர்வு முடிந்த அதே நாளில் எழுதிய விரிவான குறிப்பை ஏற்கும்படி கேட்டு நான்கு கடிதங்கள் எழுதினேன். தமிழில் மேற்பார்வை செய்யும் ஒருவர் அந்தக் குறிப்புகளை நேரில் பரிசீலித்துக் கையொப்பமிடலாம் என்று ஈற்றில் இணங்கினார்கள். அப்படி ஒருவரைத் தேடவே ஐந்து மாதம் சென்றது. ஓய்வுபெற்ற உளமருத்துவர் ஒருவர் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் தம் வீட்டு விறாந்தையில் எனக்கும் என்னோடு பயின்ற இன்னொருவருக்கும் நேரம் ஒதுக்கித் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை.

மகனின் பிறப்புக்கு அந்தத் தாய் இரண்டு பூ வைத்தார். கையளித்த நாளுக்குக் கல் வைக்க மறுத்தார். “வைச்சா முடிஞ்சு போச்செண்டு ஆகிடும் பிள்ளை.” கல்லை உள்ளங்கைக்குள் பொத்தியபடி அமர்வு முடியும்வரை இருந்தார். கயிறு முழுமையடையவில்லை என்று காணொளி வழியாக எங்களை மேற்பார்வை செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். விறாந்தையில் இதைச் சொன்னபோது உளமருத்துவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கல் அந்த நாளுக்குரியது, மகனுக்குரியதல்ல, அந்த நாள் நடந்தது உண்மை, முடிவு மட்டும்தான் தெரியாது, அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள் என்றார். அடுத்த அமர்வில் சொன்னேன். தாய் கல்லைக் கயிற்றின் மேல் வைக்கவில்லை. கயிற்றிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மணலுக்குள் சிறிது அழுத்தி வைத்தார். அந்த நாளை முழுதாகச் சொல்லி முடிக்க இரண்டு அமர்வுகள் எடுத்தன. மூன்று வாரம் கழித்து வந்து, “இப்ப இரவில ஒருக்காத்தான் எழும்பிறன்” என்றார்.

ஈற்றில் நான்கு பேரின் கோப்புகளையும் அனுப்பியபோது, கையொப்பப் படிவம் பழைய பதிப்பு என்று திரும்பி வந்தது. இடையில் படிவம் மாறியதை எங்களுக்கு எவரும் அறிவித்திருக்கவில்லை. உளமருத்துவர் மறுபடியும் நான்கு தாள்களில் ஒப்பமிட்டுத் தந்தார். விண்ணப்பிக்கும் நாளிலேயே இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டுவிடுங்கள்: தமிழில் யார் மேற்பார்வை செய்வார், ஒலிப்பதிவுக்குச் சம்மதிக்காதவருக்கு மாற்று வழி என்ன. எங்கள் இருவரின் கோப்புகளும் முடிந்துவிட்டன. ஆனாலும் வருகிற போயாவுக்கும் அந்த விறாந்தைக்குப் போகிறோம், ஐந்தாவதாக வந்திருப்பவர் ஒரு சிறுவன்.