இழுவை என்று எழுதுமுன்

"படம் இழுவை. கதை எண்டு ஒண்டுமில்லை. அஞ்சுக்கு ரெண்டு." யூரியூப் விமர்சனங்களில் முக்கால்வாசி இந்த மூன்று வசனத்துக்குள் அடங்கிவிடும். ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, அதில் பிரச்சினையில்லை. படத்தில் கண்முன்னே இருப்பதை இல்லை என்று சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) படத்தை எடுங்கள். ரொட்டர்டாம் திரைப்பட விழாவின் பெரிய பரிசான புலி விருதை வாங்கிய படம், மொத்தமே 75 நிமிடம்தான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவர, குடிகாரத் தகப்பன் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிறான். பெடியன் பஸ்சுக்கான காசைக் கிழித்துப்போட, திரும்பும் வழி முழுக்க வெயிலில் நடை. குடும்பத்தின் முன்கதையைச் சொல்லவேயில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. சொல்லியிருக்கிறார்கள். தாகத்துக்குப் பெடியன் வழியில் ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் அதக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதைக் கொண்டுபோய் வைக்கிற இடத்தில் ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த நடை முதல் நடையில்லை, அம்மா கோபித்துப் போனதும் முதல் தடவையில்லை. வசனத்தில் சொல்லப்போனால் பத்து நிமிடம் பிடிக்கும் முன்கதை சில செக்கன்களில் முடிகிறது. அந்த நேரம் பார்த்து வட்ஸ்அப்பைத் திறந்தவருக்கு முன்கதை இல்லைதான்.

அதே படத்தின் கடைசியில், தோண்டிய குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். 5 செக்கனில் வெட்டியிருந்தால் 'தண்ணீர்ப் பஞ்சம்' என்ற தகவல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். குடம் நிரம்பக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது நாமும் காத்திருந்தால்தான் பிடிபடும்.

நீளும் ஷொட்டை, அதாவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் ஓடும் துண்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 'போதும், வெட்டலாம்' என்று மனம் சொல்லும் இடத்தில் நேரத்தைக் குறியுங்கள். உண்மையான வெட்டு வரும்வரை என்ன மாறுகிறது என்று பாருங்கள்: பின்னால் யாராவது வருகிறார்களா, சத்தம் கூடிக் குறைகிறதா, முகத்தில் ஏதும் நடக்கிறதா. ஒன்றும் மாறவில்லை, அடுத்த காட்சிக்கும் அது உதவவில்லை என்றால் அது இழுவையேதான். அப்படிப்பட்ட படங்களும் உண்டு. மௌனத்தைப் பவுடர் மாதிரிப் பூசிக்கொண்டு விழாக்களுக்குப் போகிறவை. அப்போதும் எந்த இடம், எத்தனை செக்கன் என்று குறிப்பிட்டுத் தாக்குங்கள், வாசிப்பவன் சரிபார்த்துக்கொள்வான். இன்றைய வணிகப் படங்களில் ஒரு ஷொட் சராசரியாக 3 முதல் 6 செக்கன் வரைதான் நிற்கிறது. அதற்குப் பழகிய கண்ணுக்கு 40 செக்கன் ஒரு யுகம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது சத்தம். இங்கேதான் நம்மூர்ப் பார்வை அதிகம் சறுக்குகிறது. வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி'யில் (2024) பின்னணி இசையே இல்லை. ஓட்டோ இரைச்சல், சேவல், காற்று, தொண்டை கட்டிய பாண்டியின் கரகரப்பு, அநேகமாக வாயே திறக்காத மீனா. படம் நடப்பது இவற்றுக்குள். கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் 200, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் வராது. ஓட்டோவின் உறுமல் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். மிச்சத்தைச் சுழலும் ஃபேன் விழுங்கும். வெக்கையான கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலையில் ஃபேனை நிற்பாட்டிவிட்டுப் படம் பாருங்கள் என்று எவரிடமும் சொல்ல முடியாது. ஆகவே காதுக்குள் இறுக்கமாகச் செருகும் இயர்போன், அறை விளக்கு அணைந்திருக்கட்டும், திரையின் வெளிச்சம் தானாக மாறும் செட்டிங்கை நிறுத்துங்கள். 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தவர் 'வேகம் போதாது' என்று எழுதுவதைப் பற்றி நான் என்ன சொல்ல?

'கொட்டுக்காளி'யின் முடிவைப் பேசாமல் மேலே போக வழியில்லை. பாராதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டுங்கள். பாண்டிக்குக் கட்டிவைக்கப் பேசிய மீனா வேறு சாதிக்காரனைக் காதலிக்கிறாள்; அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. தங்களுக்கு முன்னால் இருக்கும் பெண்ணை அந்த ஆள் என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி பார்க்கிறான். மீனாவின் முறை வருமுன்னே படம் நின்றுவிடுகிறது. 'முடிவே இல்லை' என்ற கூச்சல் இதற்குத்தான். வழி நெடுக மீனாவைத் திருத்த வேண்டும் என்றே எல்லாரும் பேசிவந்தார்கள். கடைசியில் முடிவெடுக்க வேண்டியவன் பாண்டியாகிவிடுகிறான். கதை அங்கே திரும்பி முடிந்தாயிற்று. அவன் என்ன செய்தான் என்பது இன்னொரு படம்.

புகழ்கிறவர்களும் இதே படத்தில் தவறுகிறார்கள். சேவல்தான் மீனா, கட்டிய கயிறுதான் சாதி என்று கணக்குப்போட்டுவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள். சேவல் சேவலாகவும் இருக்கிறது: பயணம் முழுக்கக் கூடவே வருகிறது, சத்தம் போடுகிறது, யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டியிருக்கிறது. குறியீடு கண்டுபிடிப்பதும் கதைச்சுருக்கம் எழுதுவதும் ஒரே சோம்பலின் இரண்டு பக்கம். 'எல்லாருக்குமான படம் அல்ல' என்ற வரியையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிடலாம்.

இன்னொரு கவலை, சென்னையில் வெள்ளிக்கிழமை சொன்னதை இங்கே சனிக்கிழமை ஒப்புவிப்பது. நம் காதுக்கே பிடிபடக்கூடியது அதில் தொலைந்துபோகிறது. 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தில் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஜேம்ஸ், பஸ்சில் மதியத் தூக்கம் கலைந்து இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்துபோய்க் காணாமற்போன சுந்தரமாகவே ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். கமரா அநேகமாக அசைவதேயில்லை. ஆனால் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதைத் தொந்தரவு என்று தள்ளிவிட்டால், பாத்திரங்கள் சொல்லாததைச் சொல்லும் குரல் போய்விடும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீடுகளில் அந்தப் பாட்டுகளை முதல் வரியிலேயே பிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ தம்பலகாமத்திலோ இருந்து எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. இரண்டாம் தடவை பார்க்கும்போது அம்மாவையோ பெரியப்பாவையோ பக்கத்தில் இருத்தி, எந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது, அந்நேரம் ஜேம்ஸ் என்ன செய்கிறான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விமர்சனத்தில் பாதி அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்கும்.